மாடி பெட்ரூமுக்குப் பலகையா, மூங்கிலா, கம்பளமா?

கேள்வி: ஐயா, வணக்கம். கிருஷ்ணகிரியில் புதிதாக மாடி வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். மாடியில் மூன்று பெட்ரூம், அதில் ஒன்றுக்கு உள்ளேயே பாத்ரூம். தரையில் லெவல் பார்த்துக் கலவை போட்டது போன மாதம்தான். தையில் கிரகப்பிரவேசம். தரைக்கு என்ன போடுவது என்பதில் வீட்டில் மூன்று கட்சி. அமெரிக்காவில் இருக்கும் மகள், தன் வீட்டு மாடி முழுக்க ஓக் மரப்பலகைதான், அதையே போடு என்கிறாள். பெங்களூரில் இருக்கும் மகன், மூங்கில் பலகை மரத்தைவிடக் கெட்டி என்கிறான். என் வீட்டுக்காரருக்கு மார்கழியில் கால் வைத்தால் மெத்தென்று இருக்க வேண்டுமாம், அதனால் சுவருக்குச் சுவர் கம்பளம். பேரனுக்கு வீசிங் உண்டு. தரை துடைக்க ஒரு அம்மா வருகிறார். எது சரி? (வாசகி, கிருஷ்ணகிரி)

பதில்: அம்மா, முதலில் உங்கள் மகள் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். அங்கே பெரும்பாலான வீடுகளுக்கு எலும்புக்கூடே மரம்தான். மாடித் தரை என்றால் மரச்சட்டங்கள், அதன்மேல் பிளைவுட். அதில் ஓக் பலகையை ஆணி அடித்து இறக்கிவிடலாம், வேலை சுலபம். நடந்தால் கீழே இருப்பவருக்குத் தடதடவென்று கேட்கும், குளிரும் அதிகம், அதனால்தான் பெட்ரூமில் கம்பளம் விரிக்கிறார்கள். உங்கள் வீட்டில் இருப்பதோ ஐந்து அங்குல கான்கிரீட். அதில் நேரடியாக ஆணி இறங்காது. முழு மரப்பலகை 18 மில்லிமீட்டர் இருக்கும், அடியில் 12 மில்லிமீட்டர் பிளைவுட் போட்டுத்தான் அடிக்க வேண்டும், ஆக மொத்தம் ஓர் அங்குலத்துக்கு மேல் தரை உயர்ந்துவிடும். அப்புறம் கதவெல்லாம் அடியில் இழைக்கணும், மாடிப்படியில் கடைசிப் படி மட்டும் மற்றதைவிட உயரமாக நிற்கும், இருட்டில் இறங்கி ஏறும்போது ஒருநாள் யாராவது தடுக்கி விழுவார்கள். இதையெல்லாம் கடைக்காரர் சொல்ல மாட்டார், ஆசாரி பாதி வேலையில்தான் சொல்வார்.

கம்பளத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன்: வேண்டாம். பேரனுக்கு வீசிங் என்று எழுதிவிட்டீர்கள், அதற்கு மேல் பேச்சே இல்லை. தூசியும் அதில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியும் கம்பளத்தின் அடிமயிரில் தங்கிவிடும், வாக்குவம் எவ்வளவு போட்டாலும் முழுசாக வராது. நம் ஊரில் ஜன்னலைத் திறந்தே வைத்திருப்போம், செம்மண் புழுதி வேறு. ஓசூர் பக்கம் இருக்கும் தளியை, அதன் குளிருக்காக வெள்ளைக்காரர்கள் குட்டி இங்கிலாந்து என்று சொன்னார்கள், அந்தத் தளியில் வீடு கட்டினாலும் நான் கம்பளம் ஒட்டச் சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டுக்காரருக்குக் கால் மெத்தென்று இருக்க வேண்டும், அவ்வளவுதானே? கட்டில் பக்கத்தில் ஒரு பவானி ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போடுங்கள். வாரம் ஒருமுறை மொட்டை மாடியில் உதறி வெயிலில் காயப்போடலாம். ஒட்டின கம்பளத்தை எங்கே போய் உதறுவது?

மூங்கிலுக்கு வருவோம். இங்கே மகன் சொல்வது பாதி சரி. மூங்கில் பலகை என்று ஒரே பெயரில் விற்பதெல்லாம் ஒரே சரக்கு இல்லை. மூங்கிலைப் பட்டைப் பட்டையாகச் சீவி ஒட்டினது ஒரு ரகம். நாராகக் கிழித்துப் பசையில் தோய்த்துப் பெரிய அழுத்தத்தில் கட்டியாக்கி அறுத்தது இன்னொரு ரகம், கடையில் ஸ்ட்ராண்ட் என்பார்கள். பலகையின் கடினத்தை, ஒரு சின்ன இரும்புக் குண்டைப் பாதிவரை அமுக்க எவ்வளவு பலம் வேண்டும் என்று பார்த்து ஜங்கா எண்ணாகச் சொல்வார்கள். தேக்கு ஆயிரத்துச் சொச்சம், அமெரிக்கச் சிவப்பு ஓக் 1,290, ஸ்ட்ராண்ட் மூங்கில் 3,000-ஐயும் தாண்டும். மகன் சொன்ன கெட்டி இந்த ரகத்துக்குத்தான் பொருந்தும். சீவி ஒட்டின ரகத்தில், காப்பிப் பொடி நிறத்துக்காக ஆவியில் வேகவைத்து எடுத்தது இன்னும் மென்மையாகிவிடும், கட்டில் கால் பதிந்தாலே குழி விழும்.

இன்னொன்று உங்களுக்கே தெரிந்திருக்கும். பழைய மூங்கில் ஏணியைச் சுவரில் சாய்த்து வைத்தால் கொஞ்ச நாளில் அடியில் மஞ்சளாக மாவு கொட்டிக் கிடக்கும், விரலால் தொட்டால் முகப்பவுடர் மாதிரி இருக்கும். அது வண்டின் வேலை. மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்துதான் அதற்குச் சாப்பாடு. அதனால்தான் கூடை முடைகிறவர்கள் தேய்பிறையில் வெட்டணும் என்பார்கள், வெட்டியதைக் குளத்துத் தண்ணீரில் பல நாள் ஊறப்போடுவார்கள். ஊறும்போது மாவுச்சத்து கரைந்துவிடும். ஃபேக்டரியில் அதையே கொதிக்கவைத்து, போராக்ஸ் மாதிரி மருந்து ஏற்றிச் செய்கிறார்கள். ஆகவே கடையில் நிறத்தைப் பார்ப்பதற்கு முன், "ஸ்ட்ராண்ட் ரகமா, மருந்து ஏற்றியதா, பசை ஈ1 தரமா" என்று மூன்றையும் கேளுங்கள். பசையைக் கேட்பது பேரனுக்காக. மட்டமான பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு வெளியே வரும், மூடின அறையில் கண் கரிக்கும், ஈ1 தரம் என்றால் அது குறைவு. பில்லில் எழுதித் தர மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

மரமே வேண்டும் என்றால் என்ஜினீயர்டு பலகை. மேலே 3 அல்லது 4 மில்லிமீட்டருக்கு அசல் தேக்கு, கீழே குறுக்கும் நெடுக்குமாக ஒட்டின பிளைவுட். நம் பக்கம் சித்திரையில் காற்று காய்ந்து கிடக்கும், ஐப்பசியில் ஈரம் ஏறும். முழு மரம் அதற்கேற்பச் சுருங்கி விரிந்து பலகைக்குப் பலகை சந்து விடும், அந்தச் சந்தில் எறும்பு குடிவரும். குறுக்கே ஒட்டினது அவ்வளவு ஆடாது. ஆணியும் வேண்டாம், மெல்லிய ஃபோம் விரித்து அதன்மேல் பலகையோடு பலகை பூட்டிவிடலாம், சுவரோரம் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஸ்கர்ட்டிங் என்கிற சுவரோரப் பட்டையால் மூடணும். தேக்கில் வைரம் பாய்ந்த பாகமா என்று பாருங்கள். வெளுத்த ஓரப் பாகத்தைக் கரையான் விடாது. கரையான் மாடி ஏறாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், சுவர் மூலையில் மண்குழாய் கட்டிக்கொண்டு நிதானமாக ஏறும்.

சரி, இப்போது தரை துடைக்க வரும் அம்மா. உங்கள் தரையின் ஆயுள் அவர் கையில்தான் இருக்கிறது. நாம் வீட்டுக்குள் செருப்புப் போடுவதில்லை, அதனால் தேய்மானம் பெரிய கவலையே இல்லை. பக்கெட் தண்ணீர்தான் கவலை. தர்மபுரியில் என் வீட்டு மாடி அறையில் மலிவாக இருக்கிறதே என்று லேமினேட் போட்டேன், மரத்தூளை அழுத்தி மேலே மரப்படம் ஒட்டினது. ஓர் ஐப்பசி மழையன்று ஜன்னலைச் சாத்த மறந்து கடைக்குப் போய்விட்டேன். மறுநாள் வெறுங்காலோடு அந்தப் பக்கம் நடந்தபோது பெருவிரலில் தட்டியது, ஒவ்வொரு இணைப்பும் அப்பளம் ஓரம் மாதிரி உப்பி நின்றது. காய்ந்தும் இறங்கவே இல்லை. என்ஜினீயர்டும் ஸ்ட்ராண்டும் இதைவிடத் தாங்கும், ஆனால் தினமும் ஈரத்துணி போட்டால் எதுவும் தாங்காது. நம் போர் தண்ணீரில் உப்பு வேறு, கருத்த பலகையில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். பெருக்கிவிட்டு, நன்றாகப் பிழிந்த துணியால் வாரம் ஒருமுறை துடைத்தால் போதும். அதை அவரிடம் நீங்களே துடைத்துக் காட்டுங்கள், சொன்னால் மட்டும் நடக்காது.

பாத்ரூம் உள்ள அறைக்குப் பலகையே போடாதீர்கள். கிருஷ்ணகிரியில் உட்கார்ந்துகொண்டு கிரானைட்டை மறந்தால் எப்படி? வழுக்காத லெதர் ஃபினிஷ் கல், அல்லது சாதாரண டைல்ஸ்.

மற்ற இரண்டு அறைக்கு என் கை தேக்கு என்ஜினீயர்டு பக்கம்தான் போகும். ஸ்ட்ராண்ட் மூங்கில் கெட்டிதான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பத்து வருஷம் கழித்து ஒரு பலகை கெட்டால் அதே நிறத்தில் தேடி அலைவீர்கள். தேக்கை நம்மூர் ஆசாரியே இழைத்துப் பாலிஷ் போட்டுக் கொடுத்துவிடுவார். மேலே 4 மில்லிமீட்டர் இருந்தால் ஒன்றிரண்டு முறை தேய்க்கலாம். விலை கடைக்குக் கடை மாறுகிறது, அதனால் எண் எழுதவில்லை. சதுர அடிக்கு என்று சொல்லும்போது ஃபோம், ஸ்கர்ட்டிங், கூலி உட்படவா என்று கேளுங்கள். 12-க்கு 11 அறை என்றால் 132 சதுர அடி, வெட்டுச் சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்து 145 வாங்குங்கள்.

ஆனால் தை மாதத்துக்குள் அவசரப்படாதீர்கள். கலவை போன மாதம் போட்டது, நடுவில் மழைக்காலம். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் தாளைத் தரையில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். பிரிக்கும்போது அடியில் முத்து முத்தாக நீர் இருந்தாலோ, தரை கருத்திருந்தாலோ பலகை போடக் கூடாது, இன்னும் ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். எப்படியும் கிரகப்பிரவேசத்தன்று ஊரே மாடி ஏறி இறங்கும், பானகமும் பாயசமும் சிந்தும். வெறும் சிமெண்ட் தரையிலேயே விசேஷத்தை முடித்துவிட்டு மாசியில் பலகை போடுங்கள். பலகை வந்ததும் பெட்டியோடு அதே அறையில் மூன்று நாள் வைத்திருந்து, அந்த அறைக் காற்றுக்குப் பழகின பிறகு வேலை தொடங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் பழைய வீட்டு மாடியில் ரெட் ஆக்சைடு தரை இருக்கிறது. உடைக்காமல் அதன்மேலேயே பலகை போடலாமா? (வாசகர், பாலக்கோடு)

பதில்: போடலாம். ஆறடி நீள நேர்க்கட்டையைத் தரையில் வைத்துப் பாருங்கள். அடியில் 3 மில்லிமீட்டருக்கு மேல் வெளிச்சம் தெரிந்தால் முதலில் அந்தப் பள்ளத்தை நிரவ வேண்டும், இல்லாவிட்டால் நடக்கும்போது பலகை டொக் டொக் என்று சத்தம் போடும். ஆனால் ஒன்று, விரிசல் இல்லாத ரெட் ஆக்சைடு தரை இன்றைக்குப் போடச் சொன்னால் போடத் தெரிந்த மேஸ்திரி கிடைப்பது கஷ்டம். நானாக இருந்தால் அதையே தேய்த்து மெழுகு போட்டு வைத்துக்கொள்வேன்.