வகுப்பறையில் கைப்பேசி: ஓர் இயற்பியல் ஆசிரியரின் பதில்கள்

அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். என் வகுப்பில் கைப்பேசிக்கு முதல் வேலை அளப்பது. காணொலி காட்டுவது அதற்குப் பிறகுதான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

மாணவர்கள் கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்பது எங்கள் பள்ளி விதி. வகுப்பில் இருப்பது என்னுடையது ஒன்றுதான். அதை வைத்து என்ன செய்ய முடியும்? (கணித ஆசிரியை, திருவண்ணாமலை)

நல்ல விதி, டீச்சர். அப்படியே இருக்கட்டும். 'பிளிக்கர்ஸ்' செயலியைப் பாருங்கள். பிள்ளைகள் கையில் அச்சிட்ட அட்டைதான் இருக்கும். அட்டையின் நான்கு பக்கங்களும் நான்கு விடைகளைக் குறிக்கும். தாம் நினைக்கும் விடை மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிப்பார்கள். உங்கள் கேமரா வகுப்பை ஒருமுறை சுற்றி வந்தால், யார் என்ன விடை சொன்னார்கள் என்பது பதிவாகிவிடும். ஒவ்வோர் அட்டையின் வடிவமும் வேறு என்பதால் பக்கத்துப் பையனைப் பார்த்துத் திருப்பிப் பயனில்லை. கை தூக்கவே தயங்கும் பிள்ளையின் தவறான விடையும் உங்களுக்குத் தெரியவரும். எனக்கு இந்தச் செயலி பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம்.

ஆய்வகக் கருவிகள் பழுதாகிக் கிடக்கின்றன. ஒலியின் வேகத்தைக் கைப்பேசியில் அளக்கலாம் என்கிறார்களே, உண்மையா? (இயற்பியல் ஆசிரியர், தேனி)

உண்மைதான், சார். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் உருவான 'ஃபைஃபாக்ஸ்' இலவசச் செயலி. அதில் ஓசை கேட்டால் ஓடத் தொடங்கி, மறு ஓசைக்கு நிற்கும் கடிகாரம் உண்டு. சக ஆசிரியர் ஒருவரின் கைப்பேசியையும் வாங்கி, இரண்டையும் 5 மீட்டர் இடைவெளியில் வையுங்கள். முதல் கைப்பேசியின் அருகே ஒரு மாணவி கைதட்டட்டும். இரண்டு கடிகாரங்களும் ஓடத் தொடங்கும். ஆனால் தொலைவில் உள்ளது சற்றுத் தாமதமாகத் தொடங்கும். பிறகு இரண்டாவதன் அருகே ஒரு மாணவன் தட்டட்டும். இரண்டும் நிற்கும், இம்முறை முதலாவதுதான் தாமதமாக நிற்கும். இரண்டு நேரங்களுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ 0.029 வினாடி இருக்கும். அது ஒலி 10 மீட்டர் கடக்கும் நேரம். வகுத்தால் நொடிக்கு 345 மீட்டரை ஒட்டி விடை வரும்.

மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், அந்த இரைச்சலுக்கே கடிகாரம் ஓடிவிடும். கைதட்டுபவர் கைப்பேசிக்கு மிக அருகில் கையை வைத்துத் தட்ட வேண்டும். ஒரு குழுவுக்கு 335, இன்னொன்றுக்கு 358 என்று வந்தால் மகிழ்ச்சி அடையுங்கள். பிழை எங்கே நுழைந்தது என்று அவர்கள் சண்டை போடும் பத்து நிமிடம்தான் உண்மையான பாடம். 30 டிகிரி வெப்பத்தில் வர வேண்டியது ஏறத்தாழ 349. அதைக் கடைசியில் சொல்லுங்கள்.

கரும்பலகையைப் படம் எடுத்துக்கொண்டால் போதாதா? (கல்லூரி மாணவர்)

போதாது, தம்பி. எடுத்த படத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சிக்கலான வரைபடம் என்றால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

'பாடம் பார்க்கிறேன்' என்று மகன் இரவெல்லாம் கைப்பேசியோடு இருக்கிறான். எப்படி நம்புவது? (ஒரு தாய், மதுரை)

2018இல் வந்த புதிய பாடநூல்களிலிருந்தே பக்கங்களில் கியூஆர் குறியீடு இருக்கிறது, அம்மா. அதிலிருந்து திறக்கும் காணொலிகள் பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும், இரவெல்லாம் ஓடாது. முடிந்ததும் கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டு, பார்த்ததை அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். அவன் எழுதியதை நீங்கள் திருத்த வேண்டியதில்லை. எழுத முடிகிறதா என்று பார்த்தாலே போதும்.

மூன்றாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறேன். எனக்கும் பயன்படுமா? (ஆசிரியை, தஞ்சாவூர்)

ஒலிப்பதிவுச் செயலி எல்லாக் கைப்பேசியிலும் இருக்கிறது. குழந்தை ஒரு பத்தி வாசிப்பதைப் பதிவு செய்து, அந்தக் குழந்தைக்கு மட்டும் போட்டுக் காட்டுங்கள். வாழைப்பழம் 'வாளைப்பளம்' ஆவதை நாம் சுட்டிக்காட்டும் முன்பே பல குழந்தைகள் தாமே பிடித்துவிடுவார்கள். கேட்டு முடித்ததும் அழித்துவிடுங்கள். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போடாதீர்கள். தடுமாறி வாசித்த பிள்ளை அடுத்த வாரம் வாயே திறக்காது.

கைப்பேசியைத் தொலைக்காட்சியோடு இணைத்துக் காட்டும்போது கவனிக்க வேண்டியது? (அதே ஆசிரியை)

தேவையானதை முதல் நாளே பதிவிறக்கிக்கொண்டு, கம்பியில் இணைத்து, விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஒளிச்சேர்க்கைக்கு நடுவே நகைக்கடன் தவணைச் செய்தி வந்து நிற்கும். மறுநாள் ஊரே விசாரிக்கும்.