கிணற்று மூச்சும் கப்பல் படமும்

ஐயா வணக்கம்,

குடியாத்தம் பக்கம் எங்கள் ஊர். கிணற்றில் நீச்சல் கற்றவன். மூச்சடக்கி அடிவரை போய் மண் எடுத்து வருவேன். புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங்கின் தொடக்கநிலையான ஓப்பன் வாட்டர் சான்றிதழ் வாங்கிவிட்டேன். மே மாதம் மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் கப்பலைப் படமெடுக்க ஆசை. எந்தக் கேமரா வாங்கலாம்?

— வாசகர், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

கேமரா இருக்கட்டும். இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸ் கிடப்பது சுமார் 53 மீட்டர் ஆழத்தில். உங்கள் சான்றிதழ் 18 மீட்டருக்கு. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையே 40. ஹெர்மிஸ் கிடக்கும் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் 6.3 மடங்கு. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்று இழுப்பவர் அங்கே 126 லிட்டர் இழுப்பார். 12 லிட்டர் சிலிண்டரில் காற்றழுத்தம் 200 பார் என்றால் 2400 லிட்டர். 50 பார் கையிருப்பு போக 1800. கால் மணி நேரம்கூடத் தாங்காது. அதற்குள்தான் மேலேறுவதும், நடுவே நின்று நின்று வருவதும். ஆழத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனால் வரும் மயக்கம் வேறு. பொழுதுபோக்கு எல்லையைத் தாண்டிப் போகும் டெக்னிக்கல் டைவிங் கற்றவர்களுக்கே அந்த இடம்.

1942 ஏப்ரல் 9 அன்று ஹெர்மிஸை மூழ்கடித்த ஜப்பானிய விமானத் தாக்குதலில் பிரிட்டிஷ் சார்ஜென்ட் என்ற எண்ணெய்க் கப்பலும் மூழ்கியது. அது சுமார் 24 மீட்டரில்தான் இருக்கிறது. 30 மீட்டருக்கான அட்வான்ஸ்டு பயிற்சியை முடித்துக்கொண்டு அதற்குப் போங்கள்.

கிணற்றுப் பழக்கம்தான் எனக்குக் கவலை. கிணற்றில் மேலேயே மூச்சை இழுத்துக்கொண்டு இறங்குகிறீர்கள். திரும்பி வரும்போது நுரையீரல் பழைய அளவுக்குத்தான் விரியும். சிலிண்டர் காற்று அப்படியல்ல. 10 மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்து அடக்கியபடி மேலே வந்தால் அது இரு மடங்காகி நுரையீரலைக் கிழிக்கும். படமெடுப்பவர்களுக்கு இது இன்னும் ஆபத்து: ஷட்டரை அழுத்தும்போது மூச்சு தன்னால் நின்றுவிடும், உடம்பு மெல்ல மேலேறும். பயிற்சியாளரை வைத்துக்கொண்டு நீச்சல் குளத்தில், கேமராவைப் பிடித்தபடி ஓரிடத்தில் மிதந்து, மெதுவாக மூச்சை விட்டுக்கொண்டே ஷட்டரை அழுத்திப் பழகுங்கள்.

காலில் மாட்டிய துடுப்பை மேலும் கீழும் அடித்தால் வண்டல் கிளம்பும். தவளை உதைதான் சரி. ஸ்ட்ரோப் எனும் ஃபிளாஷ் விளக்குகள் இரண்டையும் பக்கவாட்டில் விரித்து, லென்ஸ் முன்னால் இருக்கும் கண்ணாடிக் கவிகையான டோமுக்குச் சற்றுப் பின்னால், வெளிப்பக்கம் பார்க்க வையுங்கள். நேராக அடித்தால் தண்ணீரில் மிதக்கும் துகளெல்லாம் வெள்ளைப் புள்ளிகளாக விழும். அந்த ஒளி ஒன்றரை மீட்டர் போனாலே பெரிது. கப்பலின் உருவம் முழுசாக வேண்டுமானால் வைடு லென்ஸில், சூரிய வெளிச்சத்தை நம்பி, கீழிருந்து மேல்நோக்கி எடுக்கவேண்டும். ஐஎஸ்ஓ 400, எஃப் 8, 1/60 என்று தொடங்கி, வெளிச்சத்துக்கேற்ப மாற்றுங்கள். பின்னால் நிறத்தைத் திருத்த வசதியான ரா கோப்பாக எடுங்கள். அந்த ஆழத்தில் சிவப்பு நிறம் போய்விட்டிருக்கும்.

கேமராவின் நீர்புகா உறையான ஹவுசிங்கின் ஓ-ரிங்கில், அதாவது அதை மூடும் ரப்பர் வளையத்தில், ஒரு முடி ஒட்டியிருந்தாலும் தண்ணீர் புகும். கேமராவை உள்ளே வைக்கும் முன், காலி ஹவுசிங்கை நல்ல தண்ணீர் வாளியில் அமுக்கிக் குமிழி வருகிறதா பாருங்கள்.

கப்பலுக்குள் நுழையாதீர்கள், எதையும் எடுக்காதீர்கள். ஹெர்மிஸில் மட்டும் 307 பேர் இறந்தார்கள். கடைசி டைவுக்கும் சென்னை விமானத்துக்கும் நடுவே 18 மணி நேரமாவது விடுங்கள்.