கியோட்டோவில் மாதச் சம்பளம், மற்ற இடங்களில் படத்துக்கு இவ்வளவு

அன்புள்ள ஐயா,

"பொம்மைப் படம் வரைந்து யாராவது பிழைக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பிளஸ் ஒன் படிக்கும் மகள், ஜப்பானில் பொம்மைப் படம் எடுக்கும் கியோட்டோ அனிமேஷன் நிறுவனத்தில்தான் வேலை பார்ப்பேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள், உங்களுக்கோ அந்தப் பெயரே புதிது. பிழைக்க முடியும் ஐயா. ஆனால் அவள் கைகாட்டும் நிறுவனம் அந்தத் தொழிலிலேயே ஒரு விதிவிலக்கு. அது உங்களுக்கும் தெரியவேண்டும், அவளுக்கும் தெரியவேண்டும்.

அதைத் தொடங்கியவர் யோகோ ஹத்தா என்ற பெண்மணி. முஷி புரொடக்‌ஷன் என்ற டோக்கியோ நிறுவனத்தில் அனிமேஷன் தாள்களுக்கு வண்ணம் தீட்டிய அனுபவம் அவருக்கு இருந்தது. 1981இல், கியோட்டோவை அடுத்த உஜி ஊரில், அக்கம்பக்கத்து இல்லத்தரசிகளைச் சேர்த்துக்கொண்டு பெரிய நிறுவனங்களுக்கு வண்ண வேலை செய்துகொடுக்க ஆரம்பித்தார். 1985இல் அது முறையான கம்பெனியானது. அதன் பிறகும் நெடுங்காலம் பிறர் படங்களுக்கான ஒப்பந்த வேலைதான். ஒரு முழுத் தொலைக்காட்சித் தொடரைத் தானே முன்னின்று தயாரித்தது 2003இல்தான். இருபது ஆண்டுகளுக்கு மேல் அடுத்தவர் வீட்டுக் கோலத்துக்கு வண்ணம் போட்டுவிட்டுத் தன் வாசலில் கோலமிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம்தான் 2006இல் 'ஹருஹி சுசுமியா', 2009இல் 'கே-ஆன்!', 2016இல் 'எ சைலன்ட் வாய்ஸ்' என்று பெயர் வாங்கித்தந்த தொடர்களும் படமும் வந்தன.

உங்களுக்கு வேண்டியது சம்பளக் கதை. ஜப்பானிய அனிமேஷனில் புதிதாக நுழைபவர் வரைவது 'டோகா', அதாவது மூத்த ஓவியர் வரைந்த இரண்டு முக்கிய அசைவுகளுக்கு நடுவே வரும் இடைப்படங்கள். பல இடங்களில் இதற்கு மாதச் சம்பளம் கிடையாது. படத்துக்கு 200 யென் அளவில் கூலி. மாதம் 500 படம் வரைந்தால் ஒரு லட்சம் யென். அங்குள்ள அனிமேஷன் கலைஞர்கள் சங்கம் எடுத்த கணக்கெடுப்பில், 2013இல் டோகா வரைந்தவர்களின் சராசரி ஆண்டு வருமானம் சுமார் 11 லட்சம் யென். ரூபாயில் மாற்றிப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள், செலவு செய்ய வேண்டியது டோக்கியோவில்.

கியோட்டோ அனிமேஷன் இந்த வழக்கத்தை மீறியது. ஓவியர்களைப் பணியாளர்களாக வைத்து மாதச் சம்பளம் கொடுக்கிறது. தானே பயிற்சிப் பள்ளி நடத்துகிறது. வரைவது, வண்ணம், பின்னணி எல்லாவற்றையும் கூடுமானவரை தன் கூரைக்குள்ளேயே முடிக்கிறது. எப்படிக் கட்டுப்படியாகிறது? பொதுவாக ஓர் அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) தொடருக்குப் பல கம்பெனிகள் குழுவாகச் சேர்ந்து பணம் போடும். வரைந்துகொடுக்கும் ஸ்டூடியோவுக்குக் கூலி கிடைக்கும், படம் ஓடினாலும் லாபத்தின் பெரும்பகுதி பணம் போட்டவர்களுக்கே போகும். கியோட்டோ அனிமேஷன்காரர்களோ 2009இல் நாவல், சித்திரக்கதைகளுக்குப் போட்டி வைத்தார்கள். தேறிய கதைகளைத் தாங்களே புத்தகமாகப் போட்டு, சிலவற்றைப் படமாக்கினார்கள். 'வயலட் எவர்கார்டன்' அப்படி வந்ததுதான். என் கணிப்பில், அந்த நிறுவனத்தின் ஓவியத்தைவிடக் கெட்டிக்காரத்தனமான வேலை இதுதான். கதையே கையில் இருந்ததால் சம்பளப் பட்டுவாடாவுக்குத் தெம்பு வந்தது.

இன்னொன்றும் உங்கள் கண்ணில் படும், படிக்காமல் இருக்க மாட்டீர்கள். 2019 ஜூலை 18 அன்று ஒருவன் அவர்களது ஸ்டூடியோவுக்குத் தீவைத்ததில் 36 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பரில் 'வயலட் எவர்கார்டன்' திரைப்படத்தை வெளியிட்டார்கள். இதைச் சொல்லி மகளை அச்சுறுத்தாதீர்கள், அவளுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

இனி அவள் விஷயம். 'கே-ஆன்!' தொடரை இயக்கிய நவோகோ யமாதாவுக்கு அப்போது வயது 24. கல்லூரியில் எண்ணெய் வண்ண ஓவியம் படித்தவர், இந்த நிறுவனத்தில் இடைப்படம் வரைந்துதான் தொடங்கினார். ஆகவே எந்த மென்பொருள் கற்றுத்தரும் கோர்ஸில் சேர்க்கலாம் என்று அலையாதீர்கள். "ஜப்பானில் வேலை உறுதி" என்று பலகை மாட்டியிருக்கும் இடங்களுக்குப் பணம் கட்டவே கட்டாதீர்கள். ஜப்பானில் அலுவலக வகை வேலை விசாவுக்குப் பொதுவாகப் பட்டப்படிப்பு வேண்டும், அல்லது அந்த நாட்டுத் தொழிற்கல்லூரியில் படித்துத் தேறிய சான்று வேண்டும். படத்துக்கு இவ்வளவு என்ற ஒப்பந்தத்தை வைத்து விசா வாங்குவது மிகச் சிரமம். ஆகவே அவள் பட்டம் வாங்கியே ஆகவேண்டும். நுண்கலைப் பட்டமாக இருந்தால் இன்னும் நல்லது. கூடவே ஜப்பானிய மொழி. அதற்கான ஜே.எல்.பி.டி. என்ற திறன் தேர்வு சென்னையிலேயே ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. கடைநிலையான என்5இல் தொடங்கட்டும். வேலை கேட்டுப் போகும்போது மேலிருந்து இரண்டாம் நிலையான என்2வாவது இருந்தால்தான் பேச்சு நகரும். நான்கைந்து வருட உழைப்பு அது. அனிமே பார்த்தே மொழி வந்துவிடும் என்று அவள் சொன்னால் நம்பாதீர்கள்.

ஒருவேளை கியோட்டோ கிடைக்காமல் போனாலும் பட்டமும் மொழியும் கையில் இருக்கும். மொழிபெயர்ப்பு, ஜப்பானியக் கம்பெனிகள், இங்குள்ள அனிமேஷன் ஸ்டூடியோக்கள் என்று வழிகள் உண்டு.

இப்போதைக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். தொடர்களில் வரும் முகங்களைப் பார்த்து வரையவேண்டாம். அம்மா தோசை திருப்புவதை, நீங்கள் சட்டைப் பித்தான் போடுவதை, பாட்டி தரையிலிருந்து எழுந்திருப்பதை வரையட்டும், ஒவ்வொன்றையும் எட்டுப் படங்களில். மூன்று மாதம் கழித்து அந்த நோட்டோடு இருவரும் வாருங்கள். மார்க் ஷீட்டை அப்புறம் பார்க்கிறேன்.