சின்னமலை படத்தில் முகத்தையே மாற்றிவிட்டார்கள்: ஓவியர் என்ன செய்யலாம்?

கேள்வி: காங்கேயம் பக்கம் ஓவியராக இருக்கிறேனுங்க. பழைய பாளையக்காரர் வம்சத்து வீட்டார், அரண்மனைக் கூடத்தில் மாட்ட, தீரன் சின்னமலை குதிரைமேல் வாளேந்தி வருவதுபோல் 9 அடிக்கு 6 அடியில் ஆயில் பெயிண்டிங் கேட்டார்கள். வாட்ஸ்அப்பில் 1,50,000 ரூபாய் பேசி, 40,000 ஜிபேயில் அனுப்பினார்கள். போன ஆடி 18க்குப் படத்தைக் கொடுத்தேன். பாக்கி வரவில்லை. இப்போது வேறு ஆளை வைத்து முகத்தை அவர்கள் பாட்டனார் சாயலுக்கு மாற்றி, என் கையெழுத்தையும் அழித்து, காலண்டரும் போட்டுவிட்டார்கள்.

பதில்: நீங்கள் அனுப்பிய இரண்டு போட்டோவையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். முதலாவதில் குதிரையின் பின்னங்கால் குளம்புக்குக் கீழே உங்கள் பெயரும் வருடமும் இருக்கின்றன. இரண்டாவதில் அதே இடத்தில் செம்மண் நிறம் திட்டாக அப்பியிருக்கிறது. பார்க்கவே வயிறு எரிகிறது. போட்டோவும் வாட்ஸ்அப் பேச்சும் இருக்கும் உங்கள் போனை மாற்றிவிடாதீர்கள்.

காலண்டரைத் தடுப்பது கடினம். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17(ஆ)படி, ஒருவர் பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்தின் பதிப்புரிமை, அதாவது அச்சிட்டு நகல் எடுக்கும் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலில் வரையச் சொன்னவருக்கே. வாட்ஸ்அப்பில் ‘பிரிண்ட் போடக்கூடாது’ என்று எங்காவது பேசியிருக்கிறீர்களா, தேடுங்கள்.

ஆனால் முகத்தில் கைவைத்தது வேறு கணக்கு. பிரிவு 57 படி, பதிப்புரிமை யார் கையில் இருந்தாலும், ‘இது என் படைப்பு’ என்று சொல்லும் உரிமையும், உங்கள் பெயருக்குக் கேடு வரும்படி சிதைத்தால் தடுக்கவும் இழப்பீடு கேட்கவும் உள்ள உரிமையும் உங்களுடையவை. டெல்லி விஞ்ஞான் பவன் சுவரிலிருந்து அமர்நாத் சேகலின் வெண்கலச் சிற்பத்தைப் பெயர்த்துச் சிதைத்த வழக்கில், 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் மத்திய அரசையே 5 லட்சம் கொடுக்க வைத்தது.

‘சின்னமலை முகத்தை யார் கண்டது?’ என்று எதிர்த்தரப்பு கேட்கும். 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டவர். கேள்வி வரத்தான் செய்யும். அதற்குள் போகாதீர்கள். வழக்கு அவர் முகத்தைப் பற்றியதல்ல, உங்கள் தூரிகை வேலையைப் பற்றியது. நீங்கள் வரைந்தது என்று ஊருக்கே தெரிந்த படத்தில் இன்னொருவர் வேலை உட்கார்ந்திருக்கிறது. அதைச் சொல்ல, படத்தை வீட்டில் பார்த்த இரண்டு பேர் சாட்சிக்கு வேண்டும்.

படத்தைக் கூடத்தில் மாட்டாமல் வைத்தால் மட்டும் பிரிவு 57 உதவாது.

பாக்கி 1,10,000க்குத் தவணைத் தேதி பேசவில்லை என்றால், வேலை முடிந்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். வாட்ஸ்அப் பேச்சை நீதிமன்றத்தில் கொடுக்க, பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63(4)படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் தேவை.

முதலில் வக்கீல் நோட்டீஸ். பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 62 படி உங்கள் ஊருக்குரிய திருப்பூர் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். படத்தில் இனி யாரும் கைவைக்காதபடி இடைக்காலத் தடையும் கேளுங்கள். ‘நானே வந்து சரி பண்ணித் தரேன்’ என்று மட்டும் அந்த வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அந்தச் செம்மண் திட்டு அப்படியே இருக்கட்டும்.