எய்ட் ஆஃப் ஸ்வார்ட்ஸ் விடாமல் வருவது ஏன்?

கேள்வி: ஒரு வருடமாக டாரட் (படச்சீட்டு வைத்துக் குறி பார்ப்பது) பழகி வருகிறேன். ரைடர் வெய்ட் என்ற சீட்டுக்கட்டுதான் வைத்திருக்கிறேன். போன மாதம் முழுக்க ‘வேலையை விடலாமா?’ என்று கேட்டு, தினமும் காலையில் மூன்று கார்டு எடுத்தேன். 30 நாளில் எய்ட் ஆஃப் ஸ்வார்ட்ஸ் (எட்டு வாள்கள்) கார்டு 6 முறை வந்தது. டெத் (மரணம்) கார்டு 3 முறை வந்தது. டெத் வந்த நாளெல்லாம் வயிற்றைப் பிசைகிறது. ஆன்லைனில் ரீடிங் பார்க்கும் ஒருவரிடம் கேட்டேன். “ஒரே கார்டு திரும்பத் திரும்ப வந்தால் தோஷம், பரிகாரம் செய்யணும்” என்று 6,000 ரூபாய் கேட்கிறார். இந்த இரண்டு கார்டும் எனக்கு என்ன சொல்ல வருகின்றன?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: அந்த 6,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். தோஷம் என்பது நம் ஊர் ஜோதிடத்தின் சொல். டாரட் 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டாட்டமாகத் தொடங்கியது. குறி பார்ப்பதற்கு அது பரவலாகப் பயன்பட ஆரம்பித்ததே 18-ஆம் நூற்றாண்டு பிரான்ஸில்தான். எந்தக் கார்டும் யாரையும் பிடித்துக்கொள்வதில்லை, அதனால் கழிப்பதற்கும் ஒன்றுமில்லை.

உங்கள் இரண்டு கார்டுகளையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. டெத் 3 முறை வந்ததற்கும் எய்ட் ஆஃப் ஸ்வார்ட்ஸ் 6 முறை வந்ததற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. கணக்குப் போட்டால் அது பளிச்சென்று தெரியும். கட்டில் 78 கார்டுகள். நாளுக்கு மூன்று வீதம் 30 நாளில் 90 கார்டு எடுத்திருக்கிறீர்கள். நன்றாகக் கலைத்த கட்டாக இருந்தால், அந்த மாதத்தில் சராசரியாக எட்டு கார்டுகள் மூன்று முறையோ அதற்கு மேலோ வரும். அந்த எட்டில் ஒன்றாக டெத் வந்திருக்கிறது, அவ்வளவுதான். மற்ற ஏழு என்னென்ன என்று உங்களுக்கு நினைவிருக்காது, ஏனென்றால் அவை உங்களைப் பயமுறுத்தவில்லை. அதே மாதத்தில் சுமார் 24 கார்டுகள் ஒரு தடவைகூட முகம் காட்டியிருக்காது. அதையும் யாரும் கவனிப்பதில்லை.

டெத் கார்டின் படத்தையே ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். கவசம் அணிந்த எலும்புக்கூடு வெள்ளைக் குதிரையில் வருகிறது, கீழே அரசன் விழுந்து கிடக்கிறான். ஆனால் வலப்பக்கம் தூரத்தில், இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன் தெரிகிறது. ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குவதைச் சொல்லும் கார்டு இது. வேலையை விடுவது பற்றிய கேள்விக்கு இது வருவதில் ஆச்சரியப்பட ஏதுமில்லை. யாருடைய உயிரையும் பற்றி அது பேசவில்லை.

எய்ட் ஆஃப் ஸ்வார்ட்ஸ் விஷயம் வேறு. 100 பேர் உங்களைப் போலவே ஒரு மாதம் எடுத்தால், ஏதாவது ஒரு கார்டு 6 முறை வருவது ஆறேழு பேருக்குத்தான். நடக்கக் கூடியதுதான், ஆனாலும் அபூர்வம். அதற்குப் பொருள் தேடும் முன் கட்டையும் கையையும் சோதிக்க வேண்டும். அனுபவசாலிகள்கூட இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள்.

டாரட் கார்டு ஏறக்குறைய 7 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம். ரம்மி சீட்டைப் போல இரண்டு பாதியாகப் பிரித்து சரசரவென்று பின்னிக் கலைக்கக் கை எட்டாது. அதனால் பெரும்பாலானோர் ஒரு கையில் கட்டைப் பிடித்து, மறு கையால் கொத்துக் கொத்தாக எடுத்துப் போடுகிறார்கள். இந்த முறையில் கொத்துக்குள் இருக்கும் கார்டுகள் பிரிவதே இல்லை. நேற்று எடுத்த மூன்றையும் சேர்த்து மேலே வைத்துவிட்டு, பத்து தடவை இப்படிப் போட்டு நடுவில் வெட்டினால், அவை மறுபடியும் கைக்கு வர வாய்ப்பு அதிகம். இன்னொன்று, வளைந்த கார்டு. அடிக்கடி கையில் எடுத்து உற்றுப் பார்க்கும் கார்டு லேசாக வளைந்துவிடும். பிறகு வெட்டும்போது கட்டு அந்த இடத்திலேயே பிளக்கும். பயந்து பயந்து பார்த்த கார்டே மீண்டும் மீண்டும் வருவதற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம். கலைக்கும்போது ‘தானாகக் குதித்து விழும்’ கார்டும் பெரும்பாலும் இந்த வளைந்த கார்டுதான்.

ஆகவே இன்றைக்கே கட்டை முழுக்கப் பிரித்து அடுக்குங்கள். மேஜர் அர்கானா எனும் முதன்மைக் கார்டுகள் 0 முதல் 21 வரை 22, வாண்ட்ஸ் (கோல்), கப்ஸ் (கோப்பை), ஸ்வார்ட்ஸ் (வாள்), பென்டகிள்ஸ் (காசு) என்ற நான்கு இனங்களில் ஒவ்வொன்றிலும் 14. மொத்தம் 78 இருக்கிறதா என்று எண்ணுங்கள். காய்ந்த பருத்தித் துணியால் ஓரங்களைத் துடையுங்கள், எண்ணெய்க் கை பட்ட கார்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எய்ட் ஆஃப் ஸ்வார்ட்ஸை மேசையில் குப்புறப் போட்டு, கண் மட்டத்துக்குக் குனிந்து பாருங்கள். நடுவிலோ ஓரத்திலோ தூக்கிக்கொண்டிருந்தால், மொத்தக் கட்டையும் கனமான புத்தகத்துக்கு அடியில் இரண்டு நாள் வைத்து எடுங்கள்.

பிறகு எல்லாவற்றையும் மேசையில் குப்புறப் பரப்பி, இரண்டு உள்ளங்கையாலும் வட்டமாக ஒரு நிமிடம் முழுதாகத் துழாவுங்கள். கடிகாரம் பார்த்துச் செய்யுங்கள், ஒரு நிமிடம் நினைப்பதைவிட நீளமானது. இப்படித் துழாவினால் ஏறக்குறைய பாதி கார்டுகள் தலைகீழாகும். ரிவர்ஸ்டு (தலைகீழாக வந்த கார்டுக்குத் தனிப் பொருள்) படிப்பவராக இருந்தால் அப்படியே விடுங்கள், இல்லையென்றால் முகம் பார்க்காமல் ஒரே பக்கமாகத் திருப்ப முடியாது என்பதால், எடுத்த பிறகு நேராக்கிக்கொள்ளுங்கள். கடைசியாக, எந்தக் கேள்வியும் கேட்காமல் மும்மூன்றாகப் பத்து தடவை எடுங்கள், ஒவ்வொரு தடவையும் புதிதாகத் துழாவி. பத்தில் மூன்று முறை எய்ட் ஆஃப் ஸ்வார்ட்ஸே வந்தால் கோளாறு கட்டில்தான். வேறு கட்டு வாங்குவது நல்லது.

சோதனையில் கட்டு தேறிவிட்டால் அடுத்து படிப்பு. அந்தக் கார்டை எடுத்து எதிரில் வையுங்கள். 1909-இல் லண்டனில் வெளியான இந்தக் கட்டுக்குப் படம் வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித். எட்டு வாள்கள் மண்ணில் ஊன்றி நிற்கின்றன, நடுவில் ஒரு பெண், கண்ணில் துணி, உடம்பைச் சுற்றிக் கட்டு. இதுவரை எல்லோரும் பார்ப்பார்கள். இப்போது அவள் காலைப் பாருங்கள். கால் கட்டப்படவில்லை. அவளுக்கு முன்னால் வாளும் இல்லை, வழி திறந்தே இருக்கிறது. கட்டை வடிவமைத்த ஆர்தர் எட்வர்ட் வெய்ட்டே, இது மீளமுடியாத சிறை அல்ல, கொஞ்ச காலத்துத் தடை என்றுதான் இந்தக் கார்டுக்கு விளக்கம் எழுதினார்.

ஒரே கார்டு திரும்ப வரும்போது அதன் பொருள் ஏறிக்கொண்டே போவதில்லை. ஆறாவது முறை வந்ததால் ஆறு மடங்கு கெட்டது என்று ஆகாது. நீங்கள் கேட்ட கேள்வி அதே இடத்தில் நிற்கிறது என்பதுதான் செய்தி. அதனால் கவனிக்க வேண்டியது வந்த கார்டை அல்ல, அதைச் சுற்றி ஒவ்வொரு முறையும் என்ன மாறியது என்பதை. அந்த ஆறு நாளையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, கார்டு விழுந்த இடம், இரண்டு பக்கத்திலும் இருந்த கார்டுகள், அன்று ஆபீஸில் நடந்தது.

பக்கத்தில் ஃபோர் ஆஃப் பென்டகிள்ஸ் வந்திருந்தால், காசை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருக்கும் அந்த ஆளைப் பாருங்கள். உங்களைக் கட்டியிருப்பது சம்பளம் நின்றுவிடுமோ என்ற பயம். டூ ஆஃப் ஸ்வார்ட்ஸ் என்றால் அங்கேயும் ஒரு பெண் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஏதோ ஒரு விவரத்தைத் தெரிந்துகொள்ளாமல் தள்ளிப்போடுகிறீர்கள். நோட்டீஸ் காலம் எவ்வளவு, பி.எஃப். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பது போல. டெவில் வந்தால் இன்னும் தெளிவு: அதில் கழுத்துச் சங்கிலிகள் கழற்றிக்கொள்ளும் அளவுக்குத் தளர்வாகவே இருக்கின்றன. சிக்ஸ் ஆஃப் ஸ்வார்ட்ஸின் படகோ, எய்ட் ஆஃப் கப்ஸில் கோப்பைகளை விட்டு நடந்துபோகும் உருவமோ பக்கத்தில் இருந்தால், மனசு ஏற்கெனவே கிளம்பிவிட்டது. இடமும் முக்கியம். மூன்று கார்டின் இடங்களையும் நிலைமை, தடை, செய்யவேண்டியது என்று வைத்தால், மூன்றாம் இடத்தில் விழுந்த எய்ட் ஆஃப் ஸ்வார்ட்ஸ் ‘அப்படியே கட்டுண்டு கிட’ என்று சொல்லவில்லை. எந்த முடிச்சு நிஜம், எது நினைப்பு என்று ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்க்கச் சொல்கிறது.

உங்கள் கேள்வியையும் மாற்ற வேண்டும். ‘விடலாமா?’ என்பதற்குக் கார்டுகள் ஆம், இல்லை என்று பதில் தருவதில்லை, தினமும் கேட்டால் பயம்தான் வளரும். ‘இந்த வேலையில் என்னைக் கட்டிப்போடுவது எது?’ என்று ஒரே ஒரு முறை கேட்டு மூன்று கார்டு எடுங்கள். வருவதைக் கொண்டு, விசாரிக்க வேண்டியவற்றைப் பட்டியல் போடுங்கள்: கையில் எத்தனை மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறது, வேறு வேலைக்கு எங்கெல்லாம் விண்ணப்பிக்கலாம், வீட்டில் யாரிடம் பேச வேண்டும். பட்டியலில் குறைந்தது இரண்டையாவது முடித்த பிறகுதான் அடுத்த ரீடிங். அதுவரை கட்டு பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.