அணைத் தண்ணீருக்கு அடியில் ஓர் ஆறு: கேள்வி பதில்

நீர்த்தேக்கங்களில் படகு ஓட்டியும் தூண்டில் போட்டும் இருபது ஆண்டுகள் கழித்திருக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: போன மாதம் இதே வழியில் விசைப்படகில் போய் வந்தேன். நேற்று அதே இடத்தில் எதிலோ மோதி புரொப்பெல்லர் வளைந்துவிட்டது. நடுவில் இது எங்கிருந்து வந்தது?

எதுவும் வரவில்லை, தண்ணீர்தான் போயிருக்கிறது. நீர்த்தேக்கம் என்பது மூழ்கடிக்கப்பட்ட ஒரு பள்ளத்தாக்கு. அதன் வயல்வரப்பு, சாலை, பாலம், தோப்பு எல்லாம் அடியில் அப்படியே இருக்கின்றன. பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் மதகைத் திறக்கத் திறக்க அவை மேலே வருகின்றன. போன மாதம் மூன்று மீட்டர் ஆழத்தில் இருந்த மரம் இப்போது உங்கள் படகுக்கு ஒரு சாண் கீழே நிற்கும்.

இத்தனை ஆண்டுகளில் அழுகியிருக்காதா என்று கேட்பீர்கள். நீருக்குள் காற்று குறைவு என்பதால் மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு அங்கே வேலை இல்லை. ஜாம்பியா, ஜிம்பாப்வே எல்லையில் 1959-இல் கட்டி முடித்த கரிபா அணையின் தேக்கத்தில், அன்று மூழ்கிய மரங்கள் பல இன்னமும் மொட்டைக் கிளைகளை நீட்டிக்கொண்டு நிற்கின்றன.

நான் செய்வது இதுதான்: படகை இறக்கும் முன் அன்றைய நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்வேன். அணை கட்டுவதற்கு முந்தைய நில வரைபடம் கிடைத்தால் விடமாட்டேன். பழைய ஆற்றுப் படுகை எங்கே வளைகிறது என்று அதில் தெரியும். அந்தப் படுகைக்கு மேலேதான் வேகம் எடுப்பேன். இன்னொன்று, அலையில் ஒரு குச்சி தெரிந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள். ஏறி இறங்கினால் அது மிதக்கிறது. அசையாமல் இருந்தால் அது ஒரு முழு மரத்தின் நுனி.

கேள்வி: கோடையில் ஆழத்தில்தானே குளிர்ச்சி? மீன்கள் அடியில்தான் இருக்கும் என்று இருபது மீட்டரில் தூண்டிலை இறக்கி இரண்டு நாள் உட்கார்ந்தேன். ஒரு கடி கூட இல்லை.

குளிர்ச்சி உண்டு, மூச்சு விட ஆக்சிஜன்தான் இல்லை. வெயிலில் சூடான நீர் எடை குறைந்து மேலேயே மிதக்கும். குளிர்ந்த நீர் அடியில் தங்கும். நடுவே சில மீட்டருக்குள் வெப்பநிலை சட்டென்று இறங்கும் ஓர் அடுக்கு உண்டு. நீந்தும்போது மார்பு வெதுவெதுப்பாக இருக்க, பாதம் மட்டும் சில்லிடுமே, சில நேரம் அந்த அடுக்கையேகூடக் காலால் தொட்டுவிடலாம். காற்று எவ்வளவு வீசினாலும் மேல்நீர் அதைத் தாண்டிக் கலப்பதில்லை. அடியில் அழுகும் இலையும் சேறும் இருக்கிற ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடும். அதனால் மீன்கள் அந்த அடுக்குக்குச் சற்று மேலே நிற்கும். மீன் காட்டும் கருவியின் உணர்திறனைக் கூட்டினால் அந்த அடுக்கே திரையில் மங்கலான பட்டையாக விழும். தூண்டிலை அதற்கு ஒரு மீட்டர் மேலே நிறுத்துங்கள். அல்லது ஓடை வந்து கலக்கும் முகத்துக்குப் போங்கள். புதுத் தண்ணீர் ஆக்சிஜனையும் இரையையும் சேர்த்தே கொண்டுவரும்.

கேள்வி: ஆழத்திலிருந்து இழுத்த மீனைத் திரும்ப விட்டால், வயிறு உப்பி மல்லாந்து மிதக்கிறது. என் தவறா?

ஆமாம், உங்கள் தவறுதான். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்கு. அங்கிருந்து மேலே வருவதற்குள் மீனின் காற்றுப்பையில் உள்ள வாயு இரட்டிப்பாக விரிந்துவிடும். கெண்டை, கெளுத்தி வகைகளுக்குக் காற்றுப்பையிலிருந்து உணவுக்குழாய்க்கு ஒரு வழி இருப்பதால் கொஞ்சம் காற்றைக் கக்கித் தப்பிக்கும். திலேப்பியாவுக்கு அந்த வழி இல்லை. திருப்பி விடுவதாக இருந்தால் ஆழத்தில் பிடிக்காதீர்கள். பிடித்ததைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த கை அதன் வழுவழுப்பான மேல்பூச்சை உரித்துவிடும்.

கேள்வி: எனக்கு நன்றாக நீந்தத் தெரியும். லைஃப் ஜாக்கெட் எதற்கு?

நானும் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு குளிர்கால விடியலில் நங்கூரக் கயிற்றை இழுக்கும்போது கால் வழுக்கி விழுந்தேன். குளிர்ந்த நீர் பட்டதும் வாய் தானாகத் திறந்து மூச்சை உள்ளே இழுக்கிறது, நம்மைக் கேட்பதில்லை. தலை நீருக்குள் இருக்கும்போது அது நடந்தால் கதை முடிந்தது. முதல் ஒரு நிமிடம் அந்த மூச்சிரைப்பு, அதன் பிறகு சுமார் பத்து நிமிடத்துக்குள் விரல்களும் கைகளும் சொன்னபடி கேட்காமல் போகும். எனக்கு ஜாக்கெட்டின் கொக்கியைப் போடத் தெரியும். ஆனால் அன்று அது படகில் இருக்கைக்கு அடியில் கிடந்தது. நண்பர் ஒருவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டார்.

கேள்வி: படகுத்துறையில் பிள்ளைகள் குளிக்கலாமா? ஆழம் இடுப்பளவுதான்.

துறையில் மின் இணைப்பு இருந்தால் கூடவே கூடாது. பழுதான ஒயரிலிருந்து கசியும் மின்சாரத்தை நன்னீர் சரியாகக் கடத்தாது. உப்புள்ள மனித உடல் நன்றாகக் கடத்தும். உடலுக்குள் புகுந்து தசைகளை முடக்கிவிடும். தண்ணீரில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. யாராவது அப்படித் துடித்தால் குதித்துவிடாதீர்கள், முதலில் மின் இணைப்பைத் துண்டியுங்கள்.

கேள்வி: அணை புதிதாக நிரம்பியிருக்கிறது, பெரிய பெரிய மீன்கள் கிடைக்கின்றன. சாப்பிடலாமா?

சிறியவற்றைச் சாப்பிடுங்கள். மண்ணும் செடியும் புதிதாக மூழ்கும்போது, அதிலுள்ள பாதரசத்தை நுண்ணுயிர்கள் மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறிக்கொண்டே போகும். தோலை உரித்தாலும் கொதிக்க வைத்தாலும் போகாது, ஏனென்றால் அது சதையில் இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் வேட்டையாடும் பெரிய மீனைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: இரவில் எதிரே ஒரு விசைப்படகின் சிவப்பு விளக்கு, என் வலப்புறத்தில் தெரிகிறது. யார் வழி விட வேண்டும்?

நீங்கள்தான். வேகத்தைக் குறைத்து அதன் பின்புறமாகப் போங்கள்.

கேள்வி: நங்கூரத்தைப் படகின் பின்பக்கம் கட்டினால் எடுக்க வசதியாக இருக்கிறது. கட்டலாமா?

வேண்டாம். பின்பக்கம்தான் தாழ்வு, இன்ஜின் எடை வேறு அங்கே. காற்று மாறி அலை அந்தப் பக்கம் வந்தால் படகு நிரம்ப ஒன்றிரண்டு அலையே போதும். முன்பக்கம் கட்டி, ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு விடுங்கள்.