கணவரின் சூதாட்டக் கதையைக் கோயில் மேடையில் சொல்லலாமா?

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கிறேன். தீமிதியையொட்டி எங்கள் வட்டாரக் கோயிலில் பெண்களுக்கான கூட்டம். திரௌபதியைப் பற்றி 20 நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சொந்த அனுபவம் ஒன்றைச் சேர்த்தால்தான் மனதில் நிற்கும் என்கிறார்கள். என் கணவர் சூதாட்டத்தில் சிக்கி மீண்டவர். அம்மன்தான் காப்பாற்றினாள் என்று நம்புகிறேன். இதைச் சொல்லலாமா?

பதில்: சொல்லலாம், சகோதரி. ஆனால் நடந்ததில் உங்கள் பங்கு மட்டும்தான் உங்களுடையது. பின்னிரவில் மின்தூக்கி திறக்கும் சத்தம் கேட்டதும் அவர்தானா என்று கதவைத் திறந்து பார்த்திருந்தால், அதைத் தாராளமாகச் சொல்லுங்கள். எவ்வளவு தோற்றார், யாரிடம் கடன் வாங்கினார், கடன்முதலைகள் எனப்படும் சட்டவிரோத வட்டிக்காரர்கள் மிரட்டக் கதவில் சாயம் ஊற்றினார்களா என்பதெல்லாம் அவருடையவை. அவர் சம்மதம் இல்லாமல் அவற்றைத் தொடக்கூடாது.

சம்மதம் என்றால், சாப்பிடும்போது "சரி, சொல்லிக்கோ" என்று அவர் சொல்வது போதாது. பேசப்போகும் வரிகளை எழுதி அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பேசாமல் எழுந்து போனால் அதற்குப் பொருள் மறுப்புதான். பதின்ம வயதுப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கேளுங்கள். நம் தமிழர் வட்டம் சின்னது. அரங்கில் மகளின் தமிழாசிரியை உட்கார்ந்திருக்கலாம். "எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம்" என்று முகமூடி போடுவதும் வேண்டாம். தெரிந்தவர்களுக்கு யாரென்று புரிந்துவிடும், உங்கள் பேச்சிலும் உண்மை போய்விடும். அவர் மறுத்தால் விட்டுவிடுங்கள். பாரதத்திலேயே சூது இருக்கிறது, நளன் கதை இருக்கிறது, திருக்குறளில் 94ஆம் அதிகாரம் முழுவதும் சூதுதான்.

மண்டபத்தில் சொல்லச் சம்மதிப்பது வேறு, இணையத்தில் ஏற்றச் சம்மதிப்பது வேறு. இதை ஏற்பாட்டாளர்கள் புரிந்துகொள்ள மறுக்கிறார்கள். கேட்காமலே படம் பிடிக்கிறார்கள். பேச்சாளர் அழுத அரை நிமிடத்தை வெட்டி, சோக இசை சேர்த்து டிக்டாக்கில் போட்டுவிடுகிறார்கள். மேடைக்குப் பொன்னாடைப் பட்டியல் தயாரிக்க இருக்கும் நேரம், பேச்சாளரிடம் ஒரு வார்த்தை கேட்க ஏன் இல்லை? நீங்களே முந்திக்கொள்ளுங்கள். "என் பேச்சை ஒளிப்பதிவு செய்ய வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் எழுதி, நிர்வாகக் குழுவிடமிருந்து பதில் வாங்குங்கள். பதில் வராவிட்டால் கணவர் கதையை எடுத்துவிட்டுப் பேசுங்கள்.

மேடைப் பேச்சுப் பயிற்சி என்று கட்டணம் வாங்கிக்கொண்டு, எங்கோ கேட்ட கதையை "என் பக்கத்து வீட்டில்" என்று மாற்றி எழுதித் தருபவர்களும் இருக்கிறார்கள். உங்கள் கதை போதாது, இன்னும் கொஞ்சம் கண்ணீர் சேர்ப்போம் என்பார்கள். அவர்கள் பக்கமே போகாதீர்கள். அப்பர் தம் முதல் பதிகத்தில் தம்மைப் பிடித்த சூலை நோயைத்தான் பாடினார். வயிற்றுக்குள் குடலை முடக்கிய வலியை உள்ளபடி சொன்னதால்தான் இன்றும் நமக்கு அது வலிக்கிறது.

அம்மன் காப்பாற்றினாள் என்பது உங்கள் நம்பிக்கை, அதைச் சொல்லுங்கள். கூடவே அவர் ஆலோசனைக்குப் போனது, சூதாட்டக் கூடத்துக்குள் நுழையாதபடி குடும்பத்தார் விலக்கு உத்தரவுக்கு விண்ணப்பித்தது, இவற்றில் நடந்தது எதுவானாலும் அதையும் சொல்லியாக வேண்டும். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கேட்பவர்களில் ஒரு பெண்ணுக்கு இன்று அதே நிலை இருக்கலாம். நீங்கள் பாதியைச் சொன்னால் அவள் நேர்த்திக்கடன் மட்டும் வைத்துவிட்டு வீட்டில் காத்திருப்பாள். சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய உதவி எண் 1800-6668-668. மேடையிலேயே வாசித்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. "முன்பு வேறு சமயத்தாரின் வழிபாட்டுக்குப் போனோம், பலனில்லை" என்று ஒப்பிடாதீர்கள், அது உண்மையில் நடந்திருந்தாலும் சரி. 2010இல் இங்கே ஒரு கிறிஸ்துவப் போதகர், முன்னாள் பௌத்தத் துறவிகளை மேடையில் பேட்டி கண்டபோது பௌத்தத்தை இழிவாகப் பேசினார். காணொளி பரவியது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அவரை அழைத்துப் பேசியது, அவர் மன்னிப்புக் கேட்டார். அனுபவம் சொல்லும்போதுதான் நாக்கு எளிதில் அங்கே வழுக்குகிறது. சமய நல்லிணக்கச் சட்டம் 2019 திருத்தத்தில் மேலும் கடுமையாக்கப்பட்டது.

20 நிமிடத்தில் உங்கள் கதைக்கு நான்கு நிமிடம் போதும். முதலிலேயே சொன்னால் பிறகு பாஞ்சாலியை யாரும் கேட்கமாட்டார்கள். "தன்னைத் தோற்றவருக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை?" என்று அவள் சபையில் கேட்கும் கட்டத்துக்குச் சற்று முன்னால் வையுங்கள். குரல் உடையும் என்று தோன்றினால் அந்த நான்கு நிமிடத்தை மட்டும் தாளைப் பார்த்து வாசியுங்கள்.